நெஞ்சளவுத் தண்ணீரில் முட்டும் மூச்சு

பாம்பனுக்கு அருகேயுள்ள கடலோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து 43 வயதுச் சகோதரி ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

“பதினைந்து வயதிலிருந்து கடலில் முங்கிக் கடல்பாசி எடுக்கப் போகிறேன். கார்த்திகையில் வந்த வைரஸ் காய்ச்சல் இரண்டு பக்கமும் நிமோனியா ஆகி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதில் நான்கு நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். இப்போது எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, நுரையீரலில் ஒன்றுமில்லை என்கிறார்கள். வீட்டு வேலை செய்கிறேன், கடைத்தெரு வரை நடக்கிறேன். ஆனால் கடலில் நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றாலே மூச்சு முட்டுகிறது. முன்பு போல் தம் கட்டி முங்க முடியவில்லை. இரவில் இரண்டு தலையணை இல்லாமல் மல்லாந்து படுக்க முடியவில்லை. மருந்துக் கடையில் தரும் சின்ன மாத்திரையைப் போட்டால் நான்கு நாள் நன்றாக இருக்கிறது. மூச்சுக்கு அடிக்கும் பம்பு (இன்ஹேலர்) எழுதிக் கொடுத்தார்கள், பழகிவிடும் என்று பயந்து அடிக்கவில்லை. இதெல்லாம் பயம்தான் என்கிறார் நாத்தனார். என் நுரையீரல் கெட்டுவிட்டதா? எப்போது கடலுக்குப் போகலாம்?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகளை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நெஞ்சளவுத் தண்ணீரில் மூச்சு முட்டுகிறது என்பது ஒன்று. மல்லாந்து படுக்க முடியவில்லை என்பது மற்றொன்று. தரையில் நடக்கும்போது பெரிதாகத் தெரியாத மூச்சிரைப்பு நீரிலும் படுக்கையிலும் மட்டும் தலைகாட்டுமானால், நான் முதலில் சந்தேகப்படுவது நுரையீரலை அல்ல. அதை இயக்கும் தசைகளை, அவற்றிலும் குறிப்பாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிழ்த்த குடையைப் போல் அமைந்திருக்கும் உதரவிதானத்தை. கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதை முடிவு செய்ய முடியாது. மல்லாந்து படுக்க முடியாமல் போவது இதயக் கோளாறிலும் உண்டு என்பதால் நேரில் பரிசோதித்தே தீர வேண்டும். அந்தப் பரிசோதனை முடியும்வரை நீங்கள் தம் கட்டி முங்கக் கூடாது என்பதை மட்டும் எந்தத் தயக்கமும் இல்லாமல் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எக்ஸ்ரே சுத்தமாக இருப்பது நல்ல செய்திதான். ஆனால் அது காட்டுவது என்ன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நீரும் சளியும் கோத்த இடம் அந்தப் படத்தில் வெள்ளையாகத் தெரியும். அது வடிந்து காற்று நிரம்பினால் மறுபடியும் கறுத்துவிடும். நீங்கள் நிமிர்ந்து நின்று, மூச்சை இழுத்துப் பிடித்திருந்த ஒரு நொடியின் நிழல் அது. அந்த மூச்சை இழுக்க உங்கள் தசை எவ்வளவு பாடுபட்டது, நூறு முறை இழுத்தால் தாங்குமா என்பதெல்லாம் அதில் பதிவாவதில்லை. உதரவிதானத்தின் ஒரு பக்கம் மட்டும் செயலிழந்து மேலே ஏறி நின்றால் படத்தில் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தளர்ந்திருந்தால், ‘படம் எடுக்கும்போது மூச்சைச் சரியாக இழுக்கவில்லை’ என்று நினைத்துப் படத்தைப் பார்ப்பவர் அதைக் கடந்துபோவதற்கு இடமிருக்கிறது.

இன்ஃப்ளூயன்சா, கொரோனா போன்ற வைரஸ்கள் முதலில் தாக்குவது மூச்சுக்குழாயின் உட்சுவரை. அங்கே சளியைத் தள்ளித் தள்ளி மேலே அனுப்பும் நுண்மயிர்கள் உதிர்ந்துவிடுகின்றன. அவை மீண்டும் முளைக்கச் சில வாரங்கள் ஆவதால்தான் காய்ச்சல் விட்ட பிறகும் மூன்று முதல் எட்டு வாரம் வரை இருமல் நீடிக்கிறது, அடுப்புப் புகையும் வாடைக் காற்றும் பட்டாலே தொண்டை கமறுகிறது. கிருமி இன்னும் கீழே இறங்கினால் காற்று நுண்ணறைகள் வீங்குகின்றன. நம் நுரையீரல்களில் இந்த நுண்ணறைகள் 30 கோடிக்கும் மேல் இருக்கின்றன. அவற்றைப் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் வரும். காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவிலுள்ள சுவரோ ஒரு தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சுவர் வீங்கி நீர் கோக்கும்போது ஆக்ஸிஜன் உள்ளே போவது குறைகிறது. நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான திரவத்தைச் சுரக்கும் செல்களும் அழிவதால் நுரையீரல் விறைத்துப்போகிறது. பெரும்பாலானவர்களுக்கு இது சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் ஆறிவிடும், சிலருக்கு மட்டும் தழும்பு தங்கும். நான்கு மாதத்தில் உங்கள் படம் தெளிந்திருப்பதால் உங்களுக்குப் பெரும்பகுதி ஆறிவிட்டது என்றே நம்புகிறேன்.

விறைத்துப்போன அந்த நுரையீரலை அத்தனை நாளும் இழுத்து விரித்தது யார் என்று பாருங்கள். நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு என்று வைத்தால் ஒரு நாளைக்கு 21,600 ஆகிறது. நம் சித்தர் மரபு சொல்லும் கணக்கும் இதுவே. இந்த வேலையின் பெரும்பங்கை உதரவிதானம் செய்கிறது, விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன, கழுத்துத் தசைகள் அவசரத்துக்கு மட்டும் கை கொடுக்கும். நிமோனியாவில் மூச்சு நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டும்போது, அதுவும் விறைத்த நுரையீரலுக்கு எதிராக இழுக்கும்போது, அந்தத் தசைகளின் பாடு பல மடங்காகிவிடுகிறது. அதே நாட்களில்தான் காய்ச்சலும் உடலின் அழற்சியும் தசையின் புரதத்தைக் கரைக்கின்றன. வாய் கசந்து சாப்பாடு இறங்குவதில்லை. நாள் முழுவதும் படுக்கை. கையும் காலும் மெலிந்தால் கண்ணாடியில் தெரியும், உதரவிதானம் மெலிந்தால் வெளியே ஒரு அடையாளமும் இருக்காது. கொரோனாவில் தசையே நேரடியாகவும் பாதிக்கப்படலாம்: 2020இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், தீவிர சிகிச்சையில் இறந்த கொரோனா நோயாளிகளின் உதரவிதானத்தைச் சோதித்தபோது, சிலருடைய தசையில் வைரஸின் தடயத்தையும், மற்ற நோயால் இறந்தவர்களைவிடக் கூடுதலான நார்த்திசுவையும் கண்டார்கள். உங்களுக்கு வந்தது எந்த வைரஸ் என்று கடிதத்தில் இல்லை. டிஸ்சார்ஜ் தாளில் இருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு, அரிதானது. உதரவிதானத்தை ஆட்டுவிக்கும் நரம்பு கழுத்திலிருந்து புறப்பட்டு இதயத்தை ஒட்டி இறங்கி வருகிறது. சிலருக்கு வைரஸ் காய்ச்சலின்போதோ அதற்குச் சில வாரம் கழித்தோ அந்த நரம்பு அழற்சி கண்டு படுத்துவிடுகிறது. அந்த நாட்களில் தூங்கவிடாத அளவுக்குக் கழுத்திலோ தோளிலோ வலி இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். இருந்திருந்தால், கேட்கக் காத்திராமல் நீங்களே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

தண்ணீரில் ஏன் முட்டுகிறது என்பதற்கு வருகிறேன். நெஞ்சளவு இறங்கியதும் தண்ணீர் சுற்றிலுமிருந்து வயிற்றை உள்ளே அழுத்துகிறது. அழுத்தப்பட்ட குடல் உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. கால்களில் இருந்த இரத்தத்தில் ஏறக்குறைய அரை லிட்டரோ அதற்கு மேலோ நெஞ்சுக்குள் ஏறி, காற்றுக்கான இடத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. தரையில் மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு எளிதாக இறங்கிவிடும். தண்ணீரில் அதே இறக்கத்துக்கு அது கடலையே தள்ள வேண்டும். பலமுள்ள தசைக்கு இது ஒரு பொருட்டல்ல. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக நீங்கள் அறியாமலே உங்கள் தசை இதைச் செய்து வந்திருக்கிறது. மெலிந்த தசையால் முடிவதில்லை, மூச்சு பாதியில் நின்றுவிடுகிறது. மல்லாந்து படுக்கும்போதும் குடல் மேலே சரிந்து அதே தொல்லையைக் கொடுக்கிறது. நெஞ்சளவு நீரில் மூச்சு முட்டுவது உதரவிதானத் தளர்ச்சியின் அடையாளங்களில் ஒன்று என்று மருத்துவப் பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் அதை ஒரு நோயாளி தானாகச் சொல்லிக் கேட்பது அரிது, ஏனென்றால் பெரும்பாலானவர்கள் நெஞ்சளவு நீரில் வேலை செய்வதில்லை. நீங்கள் செய்கிறீர்கள். இது பயம் என்று யாராவது சொன்னால், பயம் மூச்சு முட்டியதற்குப் பிறகு வந்தது என்று சொல்லுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் கீழக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு சங்குக் குளியாளி (கடலில் முங்கிச் சங்கு எடுப்பவர்) என்னிடம் வந்தார். ஆக்ஸிஜன் அளவு 98, எக்ஸ்ரேயில் குறையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதே ஒவ்வொரு மூச்சுக்கும் அவருடைய கழுத்தின் இரு பக்கத்துத் தசைகளும் நங்கூரக் கயிறு போல் விறைத்து நின்றதைக் கவனித்தேன். மேசையில் மல்லாந்து படுக்கச் சொல்லி அவர் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தேன். மூச்சை இழுக்கும்போது எழ வேண்டிய வயிறு உள்ளே குழிந்தது. அருகில் நின்ற அவர் மனைவியின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தேன். அந்த அம்மா இரண்டு மூச்சு பார்த்துவிட்டு, “தலைகீழா ஓடுதே சார்” என்றார். அந்தக் குளியாளிக்கு நரம்புதான் பாதிக்கப்பட்டிருந்தது. நரம்பு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும் என்பதால் அவர் தேற ஒன்றரை ஆண்டு ஆனது. உங்கள் வீட்டிலும் ஒருவர் இதைப் பார்க்கலாம்: முடிந்த அளவுக்குச் சாய்ந்து படுத்து, ஒரு கையை நெஞ்சின் மேலும் ஒரு கையை வயிற்றின் மேலும் வைத்து, இழுக்கும்போது எது எழுகிறது என்று பாருங்கள். வயிறு குழிந்தால் இந்த வாரமே கிளம்புங்கள். எழுந்தாலும் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும், இலேசான தளர்ச்சி கைக்கு அகப்படாது.

இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் தொடங்குங்கள். 2022இல் அந்தக் கல்லூரி வந்த பிறகு ஒவ்வொன்றுக்கும் மதுரைக்குப் பேருந்து ஏறும் அவசியம் குறைந்திருக்கிறது. மேற்கொண்டு தேவைப்பட்டால் மதுரை இராஜாஜி மருத்துவமனைக்கோ தோப்பூர் நெஞ்சக நோய் மருத்துவமனைக்கோ அவர்களே எழுதிக் கொடுப்பார்கள். ஈ.சி.ஜி., எக்கோ என்ற இதய ஸ்கேன், இரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு ஆகியவை முதலில் நடக்கட்டும். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இதயத் தசை வீங்குவதும் உண்டு, இரத்தக் குறைவு மட்டுமே மூச்சிரைக்க வைப்பதும் உண்டு. அதன் பிறகு குழாயில் ஊதும் ஸ்பைரோமெட்ரி. அதை வழக்கமாக உட்கார வைத்து மட்டும் எடுப்பார்கள். “தண்ணீரிலும் படுக்கையிலும்தான் எனக்கு முட்டுகிறது, படுக்க வைத்தும் ஒரு முறை எடுங்கள்” என்று நீங்கள் கேட்க வேண்டும். உட்கார்ந்து ஊதிய அளவைவிடப் படுத்து ஊதும் அளவு நலமுள்ளவருக்குப் பத்து சதவீதத்துக்குள்தான் குறையும். முப்பது சதவீதத்தைத் தொட்டால் உதரவிதானம் தளர்ந்திருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். வாயால் இழுக்கும் அழுத்தத்தை அளக்கும் கருவியும், உதரவிதானம் அசைவதை நேரில் காட்டும் ஸ்கேனும் அதை உறுதிப்படுத்தும். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவியில் 97, 98 என்று வருவதை நம்பி யாராவது உங்களைத் திருப்பி அனுப்பினால், தசைத் தளர்ச்சியில் அந்த எண் கடைசியில்தான் இறங்கும் என்பதை மனத்தில் வைத்து, இன்னொருவரிடம் காட்டுங்கள்.

மருந்துக் கடையில் வாங்கும் அந்தச் சின்ன மாத்திரை எனக்குக் கவலை தருகிறது. போட்டால் நான்கு நாள் உடம்பு தெளிந்து, பசி எடுத்து, மூச்சு இலேசாகிறது என்றால் அது ஸ்டீராய்டாக இருக்கக்கூடும். ஸ்டீராய்டு நல்ல மருந்து; சரியான நாளில், சரியான அளவில் அது உயிர் காக்கும். சீட்டில்லாமல் வாரக்கணக்கில் போட்டால் அதுவே தசையைக் கரைக்கும். தொடைத் தசையை மட்டுமல்ல, மூச்சுத் தசையையும் சேர்த்தே கரைக்கும். அதாவது எந்தக் குறைக்காக அதைப் போடுகிறீர்களோ அதை அதுவே வளர்த்துவிடும். தொடைத் தசை மெலிந்திருக்கிறதா என்று அறிய, தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: மூன்று வாரத்துக்கு மேல் போட்டிருந்தால் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் குறைந்திருக்கும், அட்டையை எடுத்துக்கொண்டு போய், படிப்படியாகக் குறைக்கும் முறையைக் கேட்டு வாருங்கள். பம்பைப் பொறுத்தவரை, அது பழகிவிடும் என்பது தவறான எண்ணம். மூச்சுக்குழாய்ச் சுருக்கம் இருந்தால் அது உதவும், இல்லாவிட்டால் தேவைப்படாது. ஸ்பைரோமெட்ரி அதையும் சொல்லிவிடும். வேலிக்கருவை விறகில் சமைப்பதாக இருந்தால், கேஸ் அடுப்புக்கு மாறும் வரையாவது அடுப்பை வெளியே காற்றோட்டத்தில் வையுங்கள்.

தசைத் தளர்ச்சிதான் என்று தெரிந்தால் அது திரும்பும் என்ற நம்பிக்கையோடு இருங்கள்; உழைத்த தசை உழைப்பால்தான் திரும்பும். ஆஸ்பத்திரியில் கொடுத்திருக்கக்கூடிய மூன்று பந்துக் கருவி நுரையீரலை விரிப்பதற்கு நல்லது, தசைக்குப் பலம் ஏற்ற அது போதாது. அதற்கென்று, இழுக்கும்போது எதிர்த்துப் பிடிக்கும் ஸ்பிரிங் வைத்த சிறிய கருவி ஒன்று இருக்கிறது. உங்களால் முடிந்த அதிகபட்ச அழுத்தத்தில் முப்பது சதவீதத்தில் வைத்து, வேளைக்கு முப்பது மூச்சு, நாளைக்கு இரு வேளை என்று பிசியோதெரபிஸ்ட் தொடங்கி வைப்பார். இரண்டு மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிசியோதெரபி தருவதும் உண்டு, உங்கள் ஊர்ச் செவிலியரிடம் கேளுங்கள். நடைக்கு முதலில் ஈரத்தில் இறுகிய மணல், கால் புதையும் மணல் பிறகு. நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மறுநாள் உடம்பு அடித்துப்போட்டது போல் கிடந்தால் தூரத்தைப் பாதியாக்குங்கள். மீன், முட்டை, பருப்பு ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். விற்றது போக மிஞ்சினால் வீட்டுக்கு என்ற வழக்கத்தை இந்த ஆறு மாதம் மாற்றிக்கொள்ளுங்கள்.

கடலுக்குத் திரும்புவதும் படிப்படியாகத்தான். மருத்துவர் சம்மதித்த பிறகு, முதல் வாரம் முழங்கால் நீரில் நடை, அடுத்து இடுப்பளவு, அதற்கப்புறம் நெஞ்சளவில் நின்று மூச்சு விடுவது மட்டும். நெஞ்சளவில் கால் மணி நேரம் முட்டாமல் நிற்க முடிந்தால்தான் முங்குவது பற்றிப் பேச வேண்டும். தென்கடலில் (மன்னார் வளைகுடா) காற்று எழும்பும் மாதங்களில் இதை வடகடல் (பாக் விரிகுடா) பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இறங்கவே கூடாது. தம் குறைந்தவர்கள் முங்குவதற்கு முன் வேகவேகமாகப் பத்துப் பதினைந்து முறை இழுத்து விடுவதைப் பார்த்திருக்கிறேன். அது ஆக்ஸிஜனைக் கூட்டுவதில்லை. மூச்சு விட வேண்டும் என்று உடலை உந்துகிற கரியமில வாயுவைத்தான் குறைக்கிறது. உந்துதல் வராமலே ஆக்ஸிஜன் தீர்ந்து, நீர்மட்டத்துக்கு வரும் நேரத்தில் நினைவு தப்பிவிடும், பக்கத்தில் பாசி எடுப்பவருக்கு ஒரு சத்தமும் கேட்காது. கண்ணாடியும் வலைப்பையும் இப்போதைக்கு வீட்டிலேயே இருக்கட்டும். கரையில் பாசி காயவைப்பதும் தரம் பிரிப்பதும் செய்து பங்கு வாங்க முடியுமா என்று உங்கள் குழுவில் பேசிப் பாருங்கள். வருமானம் போகிறதே என்ற வேதனை எனக்குப் புரியாமல் இல்லை.

இதற்கு நடுவில் நெஞ்சு வலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், சளியில் இரத்தம், உதடு நீலம், காலையில் தலைவலியோடு குழப்பம், ஆக்ஸிஜன் 94க்குக் கீழே, இவற்றில் எது வந்தாலும் மறுநாளுக்குத் தள்ளாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் விசைப்படகுத் தொழிலுக்குப் போகிறவராக இருந்தால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் இருப்பார். இராமநாதபுரத்துக்குத் துணையாக வரவும், பின்னால் இடுப்பளவு நீரில் பக்கத்தில் நிற்கவும் அந்த நாட்கள் உதவும். ஆனால் முதல் பரிசோதனைக்கு ஏப்ரல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நாத்தனாரையே அழைத்துப் போங்கள். நீங்கள் படுத்து ஊதுவதை அவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். வந்ததும் உட்கார்ந்து ஊதிய அளவு, படுத்து ஊதிய அளவு என்ற அந்த இரண்டு எண்களையும் மாத்திரையின் பெயரையும் எனக்கு எழுதி அனுப்புங்கள், கருவியில் எந்த அளவில் தொடங்குவது என்பதை உங்கள் மருத்துவரோடு கலந்து மேற்கொண்டு எழுதுகிறேன்.